உதாரணத்துக்கு ஒரு கடைக்காரர்

அண்ணாச்சி, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ஒண்ணு எடுக்கணும். அவசரம். பின்னாடி வெள்ளையா இருக்கணும், காது ரெண்டும் தெரியணும், இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள கம்ப்யூட்டர்ல ஏத்தியாகணும். ஏத்தலைன்னா டெல்லி போச்சு. அண்ணாச்சின்னு கூப்பிடலாம்ல? எங்க மதுரையில அண்ணேம்போம். இந்தப் பக்கம் அண்ணாச்சின்னாத்தான் மரியாதைன்னு பஸ்ல ஒருத்தர் சொன்னாரு.

இந்தக் கோட்டைப் போடணுமா? போடுறேன், போடுறேன். எத்தனை மாப்பிள்ளை போட்ட கோட்டோ, பவுடர் வாசம் தூக்குது. முதுகுல எதுக்கு கிளிப்பு மாட்டுறீங்க? ஓ, தொளதொளன்னு இருக்குன்னு பிடிச்சு வைக்கிறீங்களா. சரிதான். முன்னாடி பாத்தா கலெக்டர், பின்னாடி பாத்தா துணிக்கடை பொம்மை.

பேரு கார்மேகம். சட்டக் கல்லூரியில நாலாவது வருஷம் படிக்கிறேன். படிக்கிறேன்னு பேருக்குச் சொல்றது, முழுநேரமும் விவாதப் போட்டிதான். பட்டிமன்றம் இல்ல அண்ணாச்சி, அதைச் சொன்னா எனக்குக் கோவம் வரும். அது ஜோக்கு சொல்லிக் கைதட்டு வாங்குறது. இது வேற. தலைப்பு குடுப்பாய்ங்க, காசு சுண்டிப் போட்டுப் பக்கம் பிரிப்பாய்ங்க, கொஞ்ச நேரம் யோசிக்க விடுவாய்ங்க, அப்புறம் மேடை. நமக்கு எந்தப் பக்கம் விழுதோ அதான் அன்னைக்கு நம்ம கொள்கை.

என்ன? வாயை மூடணுமா? மூடிட்டேன், எடுங்க.

ஐயோ, திறந்துட்டேனா? மன்னிச்சிருங்க. கையைக் கட்டிப் போட்டாலும் சும்மா இருந்துருவேன், வாயை அடைச்சா எனக்கு மூச்சு முட்டும். எங்கம்மா சொல்லும், நீ பொறக்கும்போது அழலைடா, வாதாடுனேன்னு. இன்னொன்னு எடுங்க.

திரைக்கு அந்தப் பக்கம் யாரு, கீபோர்டு தட்டுற சத்தம் கேக்குது? உங்க பிள்ளையா? வெட்டுறது, பிரிண்ட் போடுறதெல்லாம் அவங்கதானா? நல்லது, நல்லது. கொஞ்சம் சீக்கிரமா முடிச்சுக் குடுக்கச் சொல்லுங்க. எனக்கு இந்த ஊர்ல இன்னும் பெரிய வேலை ஒண்ணு கிடக்கு. ஒரு பொண்ணைப் பாத்துப் பேசணும்.

அட, நீங்க நினைக்கிற மாதிரி இல்ல. அவ என் அணிக்காரி. ஜெபசீலின்னு பேரு.

ஏன் அண்ணாச்சி கேமராவை இறக்கிட்டீங்க? லென்ஸ் துடைக்கணுமா? துடைங்க, துடைங்க. அதுக்குள்ள நான் விஷயத்தைச் சொல்லிடுறேன். நீங்களே கேட்டுட்டு நியாயத்தைச் சொல்லுங்க. மூணாவது மனுஷர் சொன்னாத்தான் தீர்ப்பு சுத்தமா இருக்கும்.

எங்க விவாதத்துல ஜெயிக்கணும்னா முதல்ல ஒரு ஃப்ரேம்வொர்க் வேணும். உங்களுக்குப் புரியுற மாதிரிச் சொல்றேன். போட்டோ எடுக்கும்போது எது உள்ள வரணும், எதை வெட்டி விடணும்னு முடிவு பண்றீங்கள்ல, அதேதான். எது நியாயம், எது அநியாயம்னு அளக்கிறதுக்கு மேல்நாட்டுத் தத்துவக்காரங்க சில அளவுகோல் செஞ்சு வச்சிருக்காங்க. அதுல ஒண்ணை எடுத்துக்கிட்டா எந்தத் தலைப்பையும் அடிச்சிறலாம். என்னோடது பயன்வாதம். ஒரு காரியத்தால எத்தனை பேருக்கு நல்லது, எத்தனை பேருக்குக் கெட்டதுன்னு கூட்டிக் கழி. மிச்சம் நல்லதா இருந்தா அது நியாயம். அம்புட்டுத்தான். ரொம்பச் சுலபம், ரொம்பச் சுத்தம்.

நான் மேடையில மட்டும் பேசுறவன் இல்ல, வாழ்ந்து காட்டுறவன். ஹாஸ்டல் மெஸ்ல கடைசி முட்டை ஒண்ணு இருந்துச்சு, நாலு பேரு கையை நீட்டுனோம். பங்கு போட்டா ஒருத்தனுக்கும் காணாது, நாலு பேருக்கும் ஏமாத்தம். ஒருத்தனே தின்னா ஒருத்தனுக்காவது முழுத் திருப்தின்னு விளக்கிச் சொல்லிட்டு நானே தின்னுட்டேன். அவய்ங்களால பதில் சொல்ல முடியலையே. ஒரு வாரம் எவனும் பேசலை. வாதத்துல தோத்தவன் அப்படித்தான் இருப்பான்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். போன வாரம் மாநில இறுதிப் போட்டி. எதிரணி கோயம்புத்தூர். தலைப்பு என்னன்னா, பலருடைய நன்மைக்காகச் சிலர் இழப்பைச் சுமப்பது நியாயமே. காசு சுண்டுனா எங்களுக்கு 'நியாயமே' பக்கம் விழுது. எனக்குச் சந்தோஷம் தாங்கலை. என் வீட்டுத் தலைப்பு அண்ணாச்சி அது! முதல் பேச்சு நான். முடிவுரை ஜெபசீலி. எப்பவும் அதுதான் வரிசை. நான் அடிச்சு ஆடுவேன், அவ கடைசியில வந்து எல்லாத்தையும் கட்டி முடிச்சு வைப்பா. அவ முடிவுரை பேசுனா எதிரணிக்காரனே தலையாட்டுவான். அப்படி ஒரு நிதானம்.

எதிரணியில மிருதுளான்னு ஒரு பொண்ணு. அது கடமைவாதம். அதாவது, எந்த மனுஷரையும் அடுத்தவன் காரியத்துக்கு வெறும் கருவியாப் பயன்படுத்தக் கூடாது, அதுக்கு எந்தக் கூட்டல் கழித்தலும் கிடையாதுன்னு நிக்குது. நல்லாத்தான் பேசுச்சு. சபை அது பக்கம் சாயுது. இந்த மாதிரி நேரத்துல தத்துவத்துக்குத் தத்துவம் பேசுனா வேலைக்காகாது. உதாரணம் போடணும். ரத்தமும் சதையுமா ஒரு உதாரணம்.

என்கிட்ட ஒண்ணு இருந்துச்சு. ஜெபசீலியே சொன்னது. காலேஜ் வாசல் டீக்கடையில உக்காந்து ஒரு நாள் சொன்னா. அவங்க ஊர்ல ரோட்டை அகலப்படுத்துனப்ப அவங்க அப்பா கடையை இடிச்சிட்டாங்களாம். அதுவும் உங்க தொழில்தான் அண்ணாச்சி, போட்டோ ஸ்டூடியோதான். ஜேசிபி வந்து இடிக்கும்போது போர்டு ரெண்டாப் பொளந்துருச்சாம். அந்தப் பாதி போர்டைத் தோள்ல தூக்கி வச்சுக்கிட்டு அவரு பாட்டுக்கு வீட்டுக்கு நடந்து வந்தாராம். இவ டியூஷன் விட்டு வர்ற வழியில எதுக்க பாத்தாளாம். சொல்லும்போது டீ ஆறிப் போச்சு, குடிக்கவே இல்ல. எனக்கு அப்பவே மண்டைக்குள்ள பல்பு எரிஞ்சுச்சு. அடடா, எப்பேர்ப்பட்ட உதாரணம்னு.

உள்ள யாரோ இருமுறாங்க. உங்க பிள்ளைக்குச் சளியா? தண்ணி குடுங்க.

யாரை 'இரு'ன்னு சொல்றீங்க, என்னையா? இருக்கேன் அண்ணாச்சி, எங்க போகப் போறேன்.

அப்ப மேடையில நான் என்ன பண்ணேன், ஒரு ஊர்ல ஒரு ஸ்டூடியோக்காரர் இருந்தார்னு ஆரம்பிச்சேன். ரோடு வந்துச்சு, கடை போச்சு, ஒத்துக்கிறேன். ஆனா அந்த ரோட்டுல ஆம்புலன்ஸ் சீக்கிரம் போகுதே, பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க நேரத்துக்கு வீட்டுக்கு வருதே, அந்த உயிரை எந்தத் தட்டுல வைப்பீங்கன்னு மிருதுளாவைப் பாத்துக் கேட்டேன். சபை நிமிந்து உக்காந்துச்சு. விடலை நான். அந்தப் போர்டைக் கையில எடுத்தேன். எடுத்தேன்னா, நடிச்சேன். தோள்ல பாதி போர்டை வச்சுக்கிட்டு ஒரு பக்கமாச் சாஞ்சு, மேடையில இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து காட்டிட்டு, "பாத்தீங்களா, கடை எங்கயும் போகலை, இந்தா நடந்து போகுது!"ன்னேன்.

சிரிச்சாய்ங்க பாருங்க! அரங்கமே குலுங்கிப் போச்சு. நடுவர் அம்மா கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாங்க.

எப்படி நடந்தேனா? நடந்து காட்டணுமா? கிளிப்பு விழுந்துரும் அண்ணாச்சி... சரி, நீங்க கேக்குறீங்க. இப்படி. இப்படி ஒரு சாய்வு, கழுத்தை முன்னாடி நீட்டி, காலை இழுத்து இழுத்து. நல்லா இருக்கா? நீங்க சிரிக்கவே இல்ல. கூட்டத்துல பாத்தாத்தான் எடுபடும் அது.

என்ன கேட்டீங்க, எல்லாருமே சிரிச்சாங்களான்னா? எல்லாரும்தான். ஜெபசீலியைத் தவிர. அவ முடிவுரைக்குக் குறிப்பு எழுதிக்கிட்டு இருக்கான்னு நினைச்சேன். பேனா மூடியே கழட்டலைங்கிறதை அப்புறம்தான் பாத்தேன்.

இங்கதான் அண்ணாச்சி அநியாயம். முடிவுரைக்கு எந்திரிச்சா. மைக்கைப் பிடிச்சா. என்ன சொன்னா தெரியுமா? "எதிரணி சொல்றது சரி"ன்னா. மைக்குல! இறுதிப் போட்டியில! விவாத மேடைகள் வந்த நாள்ல இருந்து எவனாவது அந்த வார்த்தையைச் சொல்லியிருப்பானா? செத்தாலும் சொல்லக் கூடாதுன்னுதானே முதல் வருஷத்துலயே சொல்லித் தர்றாய்ங்க. "அந்தக் கடைக்காரரை ரோடு போட்டவங்க ஒரு தடவை பயன்படுத்தினாங்க. இப்ப நாங்க இன்னொரு தடவை பயன்படுத்தியிருக்கோம். ரெண்டு தடவையும் அவர்கிட்ட யாரும் கேக்கலை." அம்புட்டுத்தான். உக்காந்துட்டா. நேரம் பாக்கி இருக்கு அண்ணாச்சி! பேசக் குடுத்த நேரத்துல பாதிகூட முடியலை, பேச்சைச் சுருட்டிட்டு உக்காந்துட்டா. எவ்வளவு பேசியிருக்கலாம் அந்த நேரத்துல!

தோத்துட்டோம். என் பேச்சுக்குச் சிரிச்ச அதே கூட்டம், அவ உக்காந்ததும் எந்திரிச்சு நின்னு கை தட்டுச்சு. நன்றி கெட்ட சனம்.

நல்லவேளை, இறுதிக்கு வந்த ரெண்டு அணியும் டெல்லியில நடக்குற அகில இந்தியப் போட்டிக்குப் போகலாம்னுட்டாங்க. ஆனா ரெண்டு பேரும் சேந்துதான் பதியணும். ஆள் மாத்த முடியாது. அவ போனை எடுக்கலை. மெசேஜ் போட்டா ஒரு டிக்கு, ரெண்டு டிக்கு, பதில் கிடையாது. நான் என்ன தப்புப் பண்ணேன்? பேரைச் சொன்னேனா? ஊரைச் சொன்னேனா? ஒரு ஸ்டூடியோக்காரர்னேன், அவ்வளவுதானே. இத்தனைக்கும் அந்த அங்கிள் நல்லவர்னும் ஒரு வார்த்தை சொன்னேன்.

நாலு வருஷம் அண்ணாச்சி. இந்த நாலு வருஷமும் டெல்லி, டெல்லின்னுதான் தூங்கி எந்திரிச்சேன். எங்க வீட்டுல எவனும் வைகையைத் தாண்டுனதே அபூர்வம். அந்த மேடையில ஒரே ஒரு தடவை ஏறிட்டா போதும் எனக்கு. சொல்றதுக்கென்ன, அவ இல்லாம ஏறுனாலும் எனக்கு அது ருசிக்காது. அவ பக்கத்துல இருந்தாத்தான் எனக்குப் பேச்சே வரும். அதான் பஸ் ஏறி வந்துட்டேன். சர்ச்சுக்குப் பின்னாடி தெருவுன்னு தெரியும். போட்டோவை எடுத்துக்கிட்டு நேரா வீட்டுக்குப் போறேன், பேசுறேன், கையோட கூட்டிட்டு வந்து பதியுறேன்.

சும்மா போகலை. மூணு வாதம் தயார் பண்ணி வச்சிருக்கேன். உங்ககிட்ட ஒரு ஒத்திகை பாத்துக்கிறேனே. நீங்கதான் ஜெபசீலின்னு வச்சுக்குங்க. மீசை இருந்தாப் பரவாயில்ல.

முதல் வாதம், என்னோடது. ஜெபசீலி, நீ டெல்லிக்கு வந்தா காலேஜுக்குப் பெருமை, பிரின்சிபாலுக்குப் பெருமை, எங்கம்மாவுக்குச் சந்தோஷம், உங்கப்பாவுக்குச் சந்தோஷம். வராட்டி உன் ஒருத்தி கோவம் மட்டும்தான் மிச்சம். கூட்டிப் பாரு. ரெண்டாவது, மிருதுளாவோடதையே எடுத்து வீசுறேன். கடமை! முதல் வருஷமே அணி சேரும்போது கடைசி வரைக்கும் நிப்பேன்னு வாக்குக் குடுத்தியா இல்லையா? வாக்குன்னா வாக்கு.

மூணாவதுதான் அண்ணாச்சி பிரம்மாஸ்திரம். திரைவாதம்னு நான் பேரு வச்சிருக்கேன். நாம எல்லாரும் ஒரு திரைக்குப் பின்னாடி நிக்குறோம்னு நினைச்சுக்க. திரை விலகும்போது யாரு யாரா இருப்போம்னு தெரியாது. நீ நீயா இருக்கலாம், நானாவும் இருக்கலாம். அப்படி ஒரு நிலைமையில நின்னு யோசிச்சு எது நியாயம்னு சொல்லு. ஜெபசீலி, திரை விலகும்போது நீ கார்மேகமா இருந்தேன்னு வையி, இவ்வளவு தூரம் பஸ்ல வந்தவனை வெறுங்கையோட அனுப்புவியா? எப்படி? இதுக்குப் பதிலே கிடையாது.

என்ன? திரை விலகும்போது அந்தக் கடைக்காரரா இருந்தா என்ன பண்ணுவேன்னா?

அது... அவரு இந்தப் போட்டியிலயே இல்லையே அண்ணாச்சி. அவரு உதாரணம். உதாரணத்தையெல்லாம் திரைக்குப் பின்னாடி நிறுத்துனா இடம் பத்தாது.

அப்புறம் அவரு என்ன ஆனாருன்னா? யாரு, அந்த ஸ்டூடியோக்காரரா? தெரியலையே. கடை போச்சு. அதோட முடிஞ்சுச்சு. ஜெபசீலிகிட்ட நான் கேக்கலை. என் வாதத்துக்கு இடிச்ச வரைக்கும்தான் தேவைப்பட்டுச்சு. மிச்சத்தை வெட்டியாச்சு. என்ன அண்ணாச்சி, நீங்க எதிரணியை விட மோசமா மடக்குறீங்க. உக்காரட்டுமா? போட்டோ எடுங்க, நேரமாகுது.

கீபோர்டு சத்தம் நின்னு ரொம்ப நேரமாச்சு. கரண்ட் போயிருச்சோ? இல்ல, லைட்டு எரியுதே.

எங்க பாக்கச் சொல்றீங்க? கேமராவைப் பாக்க வேணாமா? அந்த மூலையிலயா? லைட்டுக் குடைக்குப் பின்னாடியா? என்ன அது, ஏதோ தகரம் சாத்தி வச்சிருக்கு. வெயில்ல வெளுத்துப் போயி... ஓரமெல்லாம் பிஞ்சு... 'ஞானதுரை ஸ்டூ'ன்னு இருக்கு. மிச்சத்தைக் காணோம்.

பாதிதான் இருக்கு.

ஞானதுரை. காலேஜ் பதிவேட்டுல அவ பேரு ஞா. ஜெபசீலி. அந்த ஞான்னா என்னன்னு நான் என்னைக்கும் கேட்டதில்லை.

அண்ணாச்சி, உங்க பேரு என்ன? வேணாம், சொல்லாதீங்க. தயவு பண்ணிச் சொல்லிறாதீங்க.

ஐயோ, நான் நடந்து வேற காமிச்சேன். நீங்க கேட்டீங்கன்னு, உங்க முன்னாடியே, உங்க கோட்டைப் போட்டுக்கிட்டு.

திரை... ஜெபசீலி! நீ எப்ப வந்த? முதல்ல இருந்தேவா? நீதானா அந்தக் கீபோர்டு? இருமுனதும் நீதானா? நல்லா சத்தமா இருமியிருக்கலாம்ல! இல்ல, உன்னைக் குத்தம் சொல்லலை. நான் ஒண்ணும் சொல்லலை. நான் உன்னைப் பாக்கத்தான் வந்தேன். மூணு வாதம்... அதை நீயே கேட்டிருப்ப.

என்ன சொல்ற? அப்பாவுக்குத் தெரியாதா? எது தெரியாது?

தோத்துட்டோம்னு மட்டும்தான் சொன்னியா? ஏன் தோத்தோம்னு சொல்லவே இல்லையா? அந்தப் போர்டு, நடந்தது, எல்லாரும் சிரிச்சது, எதுவுமே அவருக்குத் தெரிய வேணாம்னு மூடி வச்சிருந்தியா?

அப்ப அவருக்கு இப்பத்தான்... நான்தான்... மதுரையில இருந்து பஸ் ஏறி வந்து...

எடுத்துட்டீங்களா அண்ணாச்சி? இப்பவா எடுத்தீங்க? வாயை மூடியிருந்தேனா? எனக்கே தெரியலை.

காட்டுங்க. ஆமா, காது ரெண்டும் தெரியுது. இதுவா என் மூஞ்சி? திருட்டுப் பூனை மாதிரி முழிச்சுக்கிட்டு இருக்கேன். இதையா டெல்லிக்கு அனுப்புறது? இதுதான் சரியா இருக்குங்கிறீங்களா. சரி அங்கிள். அண்ணாச்சின்னே கூப்பிடவா? சரி அண்ணாச்சி. எனக்கு வெக்கமா இருக்கு அண்ணாச்சி. அப்படியே இந்தக் கோட்டுக்குள்ள புகுந்து ஒளிஞ்சுக்கலாம் போல இருக்கு.

எந்திரிக்கணுமா? எந்திரிச்சுட்டேன் ஜெபசீலி, தள்ளாத. கோட்டைக் குடுக்கணுமா? இந்தா. நீ எதுக்கு ஸ்டூல்ல உக்கார்ற? உனக்கும் படமா? பின்னாடி வெள்ளையா... அப்ப நீ...? பேசக் கூடாதா? சரி. டெல்லியில முதல் பேச்சு நீயா? சரி. முடிவுரை நானா? என்னால அதெல்லாம்... சரி, சரி, எதுவும் சொல்லலை. இங்க இருந்து டெல்லிக்கு நடந்தே போகச் சொன்னாலும் சரி.

நான் என்ன செய்யணும் அண்ணாச்சி? அந்தக் குடையைப் பிடிச்சுக்கிறதா? இந்த உயரம் போதுமா? இன்னும் கொஞ்சம் அவ பக்கமாவா? பிடிச்சுட்டேன். பேசலை.

ஒண்ணே ஒண்ணு. வாதம் இல்ல, சத்தியமா இல்ல. அவளை எடுத்து முடிச்சதும் சொன்னாப் போதும். அந்தப் பாதி போர்டைத் தூக்கிக்கிட்டு வீட்டுக்குப் போனீங்கள்ல அண்ணாச்சி, அப்புறம் என்ன ஆச்சு?

எனக்காகத்தான் கேக்குறேன். உதாரணத்துக்கு இல்ல.